பித்தளைச் சுவர் விளக்குக்கு 3 பின் டாப் (பிளக்) போட்டு சாக்கெட்டில் சொருகுவது: எர்த், கேபிள், பின்மூடி

#1 வாடகைவீட்டான்

விளக்கு பழைய பித்தளைச் சுவர் விளக்கு. பின்னால் 110 மி.மீ. வட்டக் கிண்ணம், அதிலிருந்து ஒரு வளைந்த கை, நுனியில் பி22 ஹோல்டர் (பல்பை அழுத்தித் திருப்பி மாட்டும் வகை), மேலே கண்ணாடிக் குடுவை. கை பக்கவாட்டில் திரும்பும். சுவரில் கண்சீல்டு பாக்ஸ் (உள்ளே புதைத்த ஒயர் பெட்டி) மேல் மாட்டுவதற்காகச் செய்தது, அதனால் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்தே இருக்கிறது. சிவப்பு, கறுப்பு என இரண்டே ஒயர் வெளியே வருகிறது.

வாடகை வீடு. சுவரை வெட்டிப் புது லைட் பாயிண்ட் எடுக்க வழியில்லை. ஸ்விட்ச் போர்டில் ஒரு 6 ஆம்ப் சாக்கெட் காலியாக இருக்கிறது, விளக்கு வரும் இடத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். 2 கோர் ஒயரும் 2 பின் டாப்பும் போட்டால் வேலை முடிந்ததா?

#2 ஒயர்மேன்_கோவை

எரியும். ஆனா அப்படிப் பண்ணாதீங்க சார்.

பித்தளை பாடி, கையில தொடுற உயரம். உள்ள ஒரு ஒயர் தோல் கிழிஞ்சு பாடியில பட்டுச்சுன்னா, 2 பின் டாப்புல அந்தக் கரண்ட் போறதுக்கு வழி கிடையாது. விளக்கு வழக்கம்போல எரிஞ்சுக்கிட்டே இருக்கும், யாராவது தொடுற வரைக்கும் தெரியாது. மெட்டல் பாடின்னா 3 கோர், 3 பின் டாப், பாடிக்கு எர்த். சதுரத்துக்குள்ள சதுரம் போட்ட குறி இருக்கிற பிளாஸ்டிக் விளக்குக்கு மட்டும்தான் 2 கோர் சரி.

இன்னொன்னு. 2 பின் டாப்பை எப்படித் திருப்பிச் சொருகினாலும் போகும். ஸ்க்ரூ டைப் இ27 ஹோல்டரா இருந்தா, பாதி நேரம் வெளி மரைக்கு பேஸ் வந்துடும், பல்பு மாட்டும்போது விரல் அங்கதான் படும். 3 பின்ல அது ஒரே பக்கமாத்தான் போகும். உங்களுது பி22, ரெண்டு பின்னும் உள்ளே இருக்கு, அந்தப் பிரச்சினை குறைவு. இ27 வெச்சிருக்கிறவங்க நடு முனைக்கு பேஸ், மரைக்கு நியூட்ரல்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

வாங்க வேண்டியது: 3 கோர் 0.75 ரவுண்ட் கேபிள் இரண்டரை மீட்டர், 6 ஆம்ப் 3 பின் டாப், 6 ஆம்ப் கனெக்டர் ஸ்ட்ரிப்ல மூணு துண்டு, எம்4 பித்தளை ஸ்க்ரூ, நட், ஸ்டார் வாஷர், ரிங் லக் (ஒயர் நுனியில மாட்டுற வளையம்). கிளாண்ட் (கேபிள் நுழையுற இடத்துல அதை இறுக்கிப் பிடிக்கிற திருகு), பின்மூடி பத்தி பட்டறைக்காரர் சொல்லுவார்.

#3 செம்புநூல்

கேபிள் வாங்கும்போது 'ஐ.எஸ். 694' என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 0.75 சதுர மி.மீ. என்பது 0.20 மி.மீ. இழைகள் 24 சேர்ந்தது, கடையில் '24/0.2' என்றும் கேட்கலாம். தோலைச் சீவி இழைகளை எண்ணிப் பார்த்தால் குறைவாக இருக்கும் சரக்கு நிறையவே சந்தையில் உண்டு. 3 பின் டாப்பில் ஐ.எஸ். 1293 முத்திரை இருக்க வேண்டும்.

9 வாட் எல்.இ.டி.க்கு 0.75 தேவையா என்றால், மின்னோட்டக் கணக்கில் தேவையே இல்லை. ஐந்து கை சாண்ட்லியரில் 60 வாட் பல்பு ஐந்து போட்டாலும் 300 வாட், 1.3 ஆம்ப் தான். 0.75 கேட்பது இழுவைக்கும் மிதிக்கும் தாங்குவதற்காக. ரவுண்ட் கேபிளில் வெளி உறை ஒன்று, ஒவ்வொரு கோருக்கும் தனித் தோல் ஒன்று என இரண்டு அடுக்குக் காப்பு இருக்கிறது. முறுக்கிய ட்வின் ஒயரில் ஒரே அடுக்கு. சுவருக்குள் அசையாமல் கிடந்த ஒயர் இப்போது வெளியே தொங்கப்போகிறது, துடைப்பம் படும், கட்டில் நகரும். முழு மாற்றமும் இதில்தான் அடங்கியிருக்கிறது, டாப் மாட்டுவதில் இல்லை.

நிறம்: புதிய கேபிளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழையதில் சிவப்பு, கறுப்பு, பச்சை. விளக்குக்குள் இருக்கும் பழைய ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரின் பீப் ஒலி வைத்து ஹோல்டரின் எந்த முனைக்கு எது போகிறது என்று பாருங்கள். தோல் விறைத்து, மடக்கினால் வெடிப்பு விட்டால், இணைத்து ஒப்பேற்றாமல் ஹோல்டர் வரை புது ஒயரே இழுத்துவிடுங்கள். சாதாரண பி.வி.சி. காப்பு 70 டிகிரிக்குத்தான். குண்டு பல்பு காலத்தில் அந்தக் குடுவைக்குள் இருந்த சூட்டில் ஹோல்டர் பக்கத்து ஒயர் அநேகமாகப் பொரிந்திருக்கும்.

#4 பட்டறை

கிண்ணத்தில் துளை போடும் வேலை.

கேபிள் கீழ்விளிம்பில் வெளியேறட்டும். 0.75 மூன்று கோர் கேபிளின் வெளிவிட்டம் சுமார் 7 மி.மீ. வெர்னியரில் ஒருமுறை அளந்துவிட்டு கிளாண்ட் வாங்குங்கள்: பி.ஜி. 7 கிளாண்ட் 6.5 மி.மீ. வரை பிடிக்கும், பி.ஜி. 9 என்றால் 4 முதல் 8 வரை. பி.ஜி. 9-க்கு 15 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான துளை வேண்டும். பித்தளைத் தகடு ஒரு மில்லிக்கும் மெலிதாக இருக்கும், சாதாரண டிரில் பிட் அதைக் கிழித்து முக்கோணத் துளை போடும். ஸ்டெப் டிரில் (படிப்படியாக அகலும் பிட்) பயன்படுத்துங்கள், உள்பக்கம் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், வேகம் குறைவாக. பிசிறை அரம் போட்டு எடுத்துவிடுங்கள்.

கிண்ணத்தின் ஆழம் 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் கிளாண்டின் நட்டு உள்ளே திரும்பாது. அப்போது துளைக்கு ரப்பர் குரோமெட், உள்ளே கேபிளைப் பிடிக்க ஒரு திருகுப்பட்டை. குரோமெட் மட்டும் போட்டு விடாதீர்கள். அது விளிம்பு அறுக்காமல் காக்கும், இழுவையைப் பிடிக்காது.

பின்மூடி: 3 மி.மீ. ஹைலம் ஷீட்டை (மின்சாரம் கடத்தாத கெட்டித் தகடு) 108 மி.மீ. வட்டமாக வெட்டி, கிண்ணத்துக்குள் சற்று அமிழ்ந்து உட்காரும்படி வைத்து ஸ்க்ரூ போடுங்கள். முன்பு சுவர்தான் கனெக்டரை மூடியிருந்தது. இனி விளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் எடுக்கலாம் என்பதால் பின்பக்கமும் மூடியிருக்க வேண்டும். அட்டை, தெர்மகோல், டேப் எதுவும் இதற்கு ஆகாது.

எர்த் ஸ்க்ரூ: பழைய பித்தளை விளக்கு பலவற்றுக்கும் பளபளப்பு போகாமலிருக்க மேலே லாக்கர் பூசியிருப்பார்கள். அது மின்சாரத்தைக் கடத்தாது. ரிங் லக் உட்காரும் இடத்தை உள்பக்கம் காசு அளவுக்கு உப்புத்தாளால் மஞ்சள் வெளுக்கும்வரை தேய்த்து, ஸ்டார் வாஷர் வைத்து, எம்4 நட்டை முடுக்குங்கள்.

கை திரும்புகிறது என்கிறீர்கள். திரும்பும் மூட்டில் நடுவே நைலான் வாஷர் இருக்கலாம், எண்ணெயும் அழுக்கும் இருக்கலாம். கிண்ணத்துக்கு எர்த் கொடுத்தால் கைக்கும் எர்த் வந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். ஹோல்டரும் பித்தளை என்றால் அதில் மூன்றாவதாக எர்த் முனை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பச்சை ஒயரை அதுவரை கொண்டுபோங்கள். கையின் குழாய்க்குள் மூன்று ஒயர் நுழைய இடமில்லை என்றால் பித்தளை ஹோல்டரைக் கழற்றிவிட்டு பேக்கலைட் ஹோல்டர் மாட்டுங்கள். அப்போதும் கை உலோகம்தான், அதற்கு எர்த் வேண்டும்; மூட்டுக்குக் குறுக்கே ஒரு சிறு ஜம்பர் ஒயர் போடுங்கள்.

#5 வாடகைவீட்டான்

நன்றி. மூன்று சந்தேகம். கிளாண்டுக்குப் பதில் உள்ளே கேபிளில் ஒரு முடிச்சுப் போட்டால் போதாதா? ஒயர் நடுவில் ஸ்விட்ச் வைக்கலாமா? இழை ஒயரைக் கனெக்டரில் மாட்டுமுன் ஈயம் வைக்கவா?

#6 ஒயர்மேன்_கோவை

முடிச்சு: ரெண்டு கோர் தொங்கு ஹோல்டருக்கு முடிச்சு போடுற பழக்கம் உண்டு. 7 மி.மீ. ரவுண்ட் கேபிள்ல போட்டா உறை மடிஞ்சு உள்ள கோர் நசுங்கும். வேண்டாம்.

ஈயம்: வைக்காதீங்க. ஈயம் வெச்ச நுனி ஸ்க்ரூ அழுத்தத்துல நாளாக நாளாகப் பிதுங்கி இளகும். ஜாயிண்ட் லூஸ் ஆகும், சூடாகும், கனெக்டர் உருகும். 6 முதல் 8 மி.மீ. சீவி, இழையை இறுக்க முறுக்கி, ரெண்டா மடிச்சு சொருகி முடுக்குங்க. ஃபெரூல் (இழை நுனிக்கு மாட்டுற உலோகக் குழல்) கிரிம்ப் பண்ற கருவி இருந்தா இன்னும் நல்லது. வெளி உறையை அறுபது மி.மீ. அளவுக்கு மட்டும் சீவுங்க, உறை கிளாண்டைத் தாண்டி உள்ளே வந்து நிக்கணும்.

ஸ்விட்ச்: நம்ம போர்டுல சாக்கெட்டுக்குப் பக்கத்துலயே ஸ்விட்ச் இருக்கே, அது போதும். கடையில கிடைக்கிற பெட் ஸ்விட்ச், ஒயர்ல கோக்குற ஸ்விட்ச் எல்லாம் பெரும்பாலும் 2 கோர் தட்டை ஒயருக்குச் செஞ்சது. 3 கோர் உள்ள நுழையாது. நுழையலைன்னு உறையை வெளியிலயே சீவிவிட்டு, கோர் பல்லிளிச்சுக்கிட்டு நிக்கும். கட்டாயம் வேணும்னா 3 கோர் ரவுண்ட் கேபிளுக்குன்னு செஞ்சதைத் தேடி வாங்குங்க. பச்சை வெட்டுப்படாம நேரா போகணும், பழுப்பு மட்டும் ஸ்விட்ச் வழியா. நியூட்ரல்ல ஸ்விட்ச் போட்டா விளக்கு அணைஞ்சாலும் ஹோல்டர்ல பேஸ் நிக்கும். எல்.இ.டி. பல்பு அணைச்ச பிறகும் மங்கலா மினுமினுக்குதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது இதைத்தான்.

3 பின் டாப் உள்ள ஒரு விஷயம்: பச்சையை மத்த ரெண்டையும் விட ஒண்ணரை செ.மீ. நீளமா விடுங்க. யாராவது ஒயரைப் புடுங்கினா பேஸ் முதல்ல கழறணும், எர்த் கடைசியா. டாப்புக்குள்ள இருக்கிற பட்டை வெளி உறையைக் கடிக்கணும், கோரைக் கடிக்கக் கூடாது. எல், என், இ எழுத்தைப் பார்த்து மாட்டுங்க.

#7 சிங்கைவாசி

இங்கே சிங்கப்பூரில் 13 ஆம்ப் சதுரப் பின் பிளக். பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் உண்டு. கடையில் வரும்போது பழுப்பு நிற 13 ஆம்ப் ஃபியூஸ் போட்டு வரும். விளக்குக்கு அதை எடுத்துவிட்டு சிவப்பு 3 ஆம்ப் போட வேண்டும், அது சுமார் 690 வாட் வரை தாங்கும். பலர் மாற்றுவதே இல்லை.

இந்திய 3 பின் டாப்பில் ஃபியூஸ் இல்லையே. 0.75 கேபிளுக்கு அங்கே காப்பு எது? 6 ஆம்ப் பின்னும் 16 ஆம்ப் பின்னும் போகும் சாக்கெட்டில் சொருகினால் அதன் பின்னால் 16 அல்லது 20 ஆம்ப் எம்.சி.பி. (மின்னோட்டம் மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கும். கேபிள் எரிந்தாலும் எம்.சி.பி. விழாது அல்லவா?

#8 செம்புநூல்

நல்ல கேள்வி. ஆனால் ஓவர்லோடு வேறு, ஷார்ட் வேறு.

ஓவர்லோடு: இந்தக் கேபிளின் மறுமுனையில் ஒரே ஒரு பி22 ஹோல்டர். அதில் எந்த பல்பைப் போட்டாலும் 0.75-ஐ மீறும் மின்னோட்டம் வராது. மறுமுனையில் சாக்கெட் இருந்தால்தான் அயர்ன் பாக்ஸ் சொருகிவிடுவார்களோ என்ற பயம். ஆக ஓவர்லோடு காப்பு இங்கே தேவைப்படவில்லை.

ஷார்ட்: 0.75 செம்பின் தடை கிலோமீட்டருக்கு 26 ஓம். இரண்டரை மீட்டர் போக வர 5 மீட்டர், 0.13 ஓம். வீட்டுக்குள் 1.5 சதுர மி.மீ. ஒயர் 20 மீட்டர் தூரம் என்றால் போக வர சுமார் அரை ஓம். வெளி லைனுக்கு 0.3 என்று வைத்தால் மொத்தம் 0.9-ஐ ஒட்டி வரும். 230-ஐ வகுத்தால் 250 ஆம்ப். சி வகை 16 ஆம்ப் எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு அதிகபட்சம் 160 ஆம்ப் போதும். எனவே பேஸும் நியூட்ரலும் ஒட்டினால் கேபிள் சூடேறும் முன் விழும்.

பழைய வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியாகக் கட்டி வைத்திருப்பார்கள், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அப்படிப்பட்ட வீட்டில் ஃபியூஸ் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாகச் சொருகுங்கள்.

#9 மெகர்

#8 பேஸ்-நியூட்ரல் ஷார்ட்டுக்குச் சரி. பேஸ் பாடியில் பட்டால் வேறு கதை. தனி வீட்டில் சொந்த எர்த் குழி. உப்பும் கரியும் காய்ந்த குழியில் 10 ஓம் தடை இருப்பது அதிசயமில்லை. 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்ப். 16 ஆம்ப் எம்.சி.பி. அதற்கு உடனே அசையாது, நிமிடக்கணக்கில் நிற்கலாம். அதுவரை பித்தளை பாடி முழுக்க மின்னழுத்தம். எர்த் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்க வேண்டுமானால் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்னோட்டம் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இருக்க வேண்டும். வாடகை வீட்டில் அது இல்லையென்றால் ஓனரிடம் லைட் பாயிண்டுக்குப் பதில் இதைக் கேளுங்கள்.

அடுத்தது, சாக்கெட்டின் எர்த் துளைக்குப் பின்னால் உண்மையில் ஒயர் இருக்கிறதா? விளக்கைத் தொடுமுன் பார்க்க வேண்டியது இது.

எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால் பேஸ் வலது துளை. டெஸ்டர் வலதில் எரிய வேண்டும். இடதில் எரிந்தால் சாக்கெட் தலைகீழ் வயரிங், முதலில் அதைச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மல்டிமீட்டரில் பேஸ்-எர்த் இடையே 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகக் குறைவு, துருப்பிடித்து நூலளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்திலும் 230 காட்டும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் 60 வாட் சீரிஸ் லாம்ப் பேஸ்-எர்த் இடையே முழு வெளிச்சத்தில் எரிந்தால் நம்பலாம். ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அது எரியாமல் ஆர்.சி.சி.பி. விழும். 60 வாட்டுக்கு 260 மில்லி ஆம்ப் ஓடப் பார்க்கும், விழத்தான் வேண்டும்.

இன்னொரு திருட்டு வேலை உண்டு. எர்த் ஒயர் இழுக்காமல் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுவிடுவார்கள். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும்; ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் அது விழாமல் லாம்ப் எரியும். நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று, 3 பின்னில் சொருகிய ஒவ்வொரு உலோகப் பாடிக்கும் பேஸ் வந்துவிடும். கண்டுபிடிக்க: அதே போர்டில் வேறு சாக்கெட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரல்-எர்த் இடையே அளக்கவும். தனி எர்த் என்றால் ஒன்றிரண்டு வோல்ட்டாவது தெரியும். அயர்ன் ஓடும்போதும் ஓடாதபோதும் அசையாமல் பூஜ்யம் என்றால் மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள்.

#10 குடுவைவிளக்கு

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது 12 வாட் எல்.இ.டி. பேனல். டிரைவர் தனிப் பெட்டியாக வருகிறது. இதற்கும் இதே முறைதானா?

#11 செம்புநூல்

டிரைவரின் 230 வோல்ட் பக்கம் மட்டும் இதே முறை. அதன் வெளிப்பக்கம் நிலையான மின்னோட்டம் தரும் டி.சி., அந்த ஒயரை நீட்டிக்கொண்டு டிரைவரைக் கீழே சாக்கெட் பக்கம் வைக்காதீர்கள். டிரைவர் ஓடும்போது பேனல் கனெக்டரைக் கழற்றி மாட்டவும் கூடாது. கழற்றியிருக்கும்போது டிரைவரின் வெளியீடு உயர்ந்து நிற்கும், மாட்டிய நொடியில் எல்.இ.டி. சில்லுகள் போய்விடும். டிரைவருக்கு உள்ளே போகும் ஒயர் முடிபோல் மெலிதாக இருக்கும். அதைக் கனெக்டரில் 0.75-உடன் இணைத்து, இணைப்பையும் டிரைவரையும் சேர்த்து ஒரு பி.வி.சி. பெட்டிக்குள் வையுங்கள்.

#12 ஒயர்மேன்_கோவை

இன்வெர்ட்டர் பத்தி யாரும் சொல்லல. பல வீட்ல லைட், ஃபேன் லைன் மட்டும்தான் இன்வெர்ட்டர்ல இருக்கும், பவர் பிளக் இருக்காது. ஸ்விட்ச் போர்டுல ஸ்விட்சோட சேர்ந்த 6 ஆம்ப் சாக்கெட் பெரும்பாலும் லைட் லைன்லயே லூப் பண்ணியிருக்கும், கரண்ட் போனாலும் விளக்கு எரியும். தனியா கீழ போட்ட சாக்கெட்னா அணைஞ்சுடும். மாட்டுறதுக்கு முன்னாடி மெயினை அணைச்சு எது உயிரோட இருக்குன்னு பாருங்க. மெயின் அணைச்சாலும் இன்வெர்ட்டர் லைன்ல 230 நிக்கும்கிறதையும் மறந்துடாதீங்க, வேலை பார்க்கிறப்ப ரெண்டையும் அணைக்கணும்.

சுவர்ல: 6 மி.மீ. துளை, ராவல் பிளக், 35 மி.மீ. ஸ்க்ரூ ரெண்டு. விளக்கு எடை ஸ்க்ரூவுல நிக்கணும், கேபிள்ல இல்ல. கேபிளை சாக்கெட் வரைக்கும் கேசிங் கேப்பிங்ல (சுவர் மேல ஒட்டுற மூடி போட்ட பட்டை) கொண்டு போங்க, இல்லேன்னா 30 செ.மீ.க்கு ஒரு கிளிப். ஃபிளெக்சிபிள் கேபிளைச் சுவர வெட்டி உள்ள புதைச்சுப் பூசுறது மட்டும் வேண்டவே வேண்டாம். பால்கனி, பாத்ரூம்ல இந்த விளக்கு கூடாது, அதுக்குத் தண்ணி புகாத வகை தனி.

#13 வாடகைவீட்டான்

தெளிவு. ஏற்கெனவே சுவரில் ஒரு பழைய லைட் பாயிண்ட் ஒயர் வேறு அறையில் தொங்குகிறது. அதையும் மூடிவிடலாமா?

#14 ஒயர்மேன்_கோவை

எம்.சி.பி. அணைச்சு, ஒவ்வொரு ஒயரையும் தனித்தனி கனெக்டர் துண்டுல முடுக்கி, ரவுண்ட் பிளாக் மேல மூடி போடுங்க. ரெண்டையும் சேத்து முறுக்கி டேப் சுத்தினா, யாராவது ஸ்விட்ச் போட்ட உடனே ஷார்ட்.

#15 மெகர்

சாக்கெட்டில் சொருகுமுன் கடைசிச் சோதனை, பல்பு இல்லாமல்:

டாப்பின் எர்த் பின்னுக்கும் பித்தளையின் ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது கிண்ணம், கை, ஹோல்டர் வளையம், இடையே மல்டிமீட்டரில் தடை. மீட்டர் ஒயரின் சொந்தத் தடையைக் கழித்து அரை ஓமுக்குள் வர வேண்டும். கையை இரு பக்கமும் திருப்பித் திருப்பி அளக்கவும், எண் தாவினால் ஜம்பர் சரியில்லை. லாக்கர் மேல் முனையை வைத்தால் ஒன்றும் காட்டாது, ஸ்க்ரூ தலையில் வையுங்கள்.

பேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும், நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே: மூன்றிலும் மீட்டர் 'ஓப்பன்' காட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெகர் (காப்புத் தடையை அளக்கும் கருவி) இருந்தால் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து எர்த்துக்கு எதிராக ஒருமுறை. 2 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், ஈரமோ பழைய பேக்கலைட்டின் கரிக்கோடோ இருக்கும். #10 கேட்ட பேனலுக்கு மெகர் போடுவதானால் டிரைவரைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

பிறகு கேபிளைப் பிடித்து விளக்கைத் தூக்குங்கள். கிளாண்டில் உறை ஒரு மில்லி நகர்ந்தாலும் இன்னும் முடுக்க வேண்டும். 9 வாட் பல்பு போட்டு ஒரு மணி நேரம் எரியவிட்டு, டாப்பைக் கழற்றி, டாப்பையும் கிண்ணத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் அறைச் சூட்டிலேயே இருக்கும். டாப் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சாக்கெட்டின் பித்தளை இதழ் தளர்ந்திருக்கிறது, சாக்கெட்டை மாற்றுங்கள்.